பாட்டுப் புத்தகத்தில் இல்லாத முடிவு

“தந்தி வருதுங்க சார். அவன் சண்டையில செத்துட்டான்னு படிச்சுச் சொல்றாங்க. அப்படியே சரிஞ்சு உக்காந்துடுறா...” அதற்கு மேல் சொல்ல முடியாமல் சிங்காரவேலு துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

அவன் சொன்னது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் முடிவை. அழுவதற்கு அவனுக்கு வேறு காரணமும் இருந்தது. அன்று காலையில்தான் அவன் மனைவி அம்சவள்ளியைக் கிணற்றிலிருந்து தூக்கியிருந்தார்கள். கழுத்தில் கயிறு இறுக்கிய தடம்.

பூலாம்பாடி டூரிங் கொட்டகை பகலில் வெறிச்சென்று கிடந்தது. தரை டிக்கெட் மணலில் நாற்காலி போட்டு சப்-இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். வாசல் போஸ்டரில் பட்டாள உடுப்புக் கதாநாயகனும் கையசைக்கும் கதாநாயகியும் வெயிலில் வெளுத்துப் போயிருந்தார்கள்.

“நேத்து ஏழுலேருந்து ஒம்போதுக்குள்ள நடந்திருக்கு. அப்ப நீ எங்க இருந்த?”

“இங்கதாங்க சார், மொத ஆட்டம். ஆறரைக்கு உள்ள வந்தவன், வணக்கம் போட்டப்பறந்தான் எந்திரிச்சேன். இந்தாங்க டிக்கெட்டு.”

“டிக்கெட்ட வாங்கிட்டுப் பாதியில எந்திரிச்சுப் போவ முடியாதா? என்ன காசிநாதன், இவனப் பாத்தீங்களா?”

காசிநாதன்தான் கொட்டகைக்கு முதலாளி, மெஷின் ஓட்டுபவரும் அவரே. “முந்நூறு பேரு சார், இருட்டுல யாரக் கண்டேன்? பதினெட்டு நாளா கூட்டம் கொறையல. பழைய படமா இருந்தா என்ன, இந்த ஜோடியப் பாத்துட்டு எங்க சனம் சிரிச்ச மொகமாத்தான் வூட்டுக்குப் போவுது.”

“ஒங்க பெருமைய அப்பறம் பேசுங்க.” சப்-இன்ஸ்பெக்டர் அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். கதைச் சுருக்கம் கதாநாயகன் பட்டாளத்துக்கு ரயிலேறுவதோடு நின்றிருந்தது. மிச்சத்தைத் திரையில் பார்க்கச் சொல்லி ஒரு வரி.

அதனால்தான் அவர் முடிவைக் கேட்டார். கேட்டதற்கு மேலேயே சிங்காரவேலு சொல்லிவிட்டான். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள், அழுத ஆண்பிள்ளை போலீசிலிருந்து தப்புவான் போலிருந்தது.

“நேத்து பாத்தது இதானே? நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“என் கண்ணால பாத்தேங்க சார். தந்திய நெஞ்சுல வச்சுக்கிட்டு அழுவுறாளே, அதோட படம் முடியுது. நானும் அழுதுட்டேன்.”

“காசிநாதன், இவன் சொல்ற முடிவு சரிதானா?”

காசிநாதன் போஸ்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். “படத்தோட முடிவு அதாங்க சார்.”

“அப்ப இந்த வாக்குமூலத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க. சிங்காரவேலு, நீ வூட்டுக்குப் போவலாம்யா.”

சிங்காரவேலு முகத்திலிருந்து துண்டை எடுத்தான். கண் சிவந்திருந்தது, ஆனால் ஈரமில்லை. அந்தக் கண் காசிநாதன் மேலேயே நின்றது.

காசிநாதன் பேனாவை வாங்கினார். வாயைத் திறந்தால் படக் கம்பெனிக்காரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான், கொட்டகையை மூட வேண்டியதுதான். சிங்காரவேலுவை வெளியே விட்டால் போவது கொட்டகையோடு நிற்காது, இன்னோர் உயிரும் போகலாம். மூடினால் மூடட்டும் என்று பேனாவைக் கீழே வைத்தார்.

“சார், அந்த முடிவு இங்க ஓடலைங்க.”

“என்னய்யா சொல்றீங்க?”

“மொத நாளு மட்டுந்தான் ஓட்டுனேன், அன்னிக்குப் பாத்ததத்தான் இவன் சொல்றான். பொம்பளைங்க அழுத அழுகையில மறுநாள்லேருந்து நிறுத்திட்டேன். அவன் லீவுல ரயில விட்டு எறங்கி அவ கையப் புடிக்கிறான் பாருங்க, அதோட வணக்கம் போட்டுடுவேன். நேத்தும் அப்படித்தான். தந்தி வர்ற ரீலு பதினேழு நாளா பொட்டியிலயே கெடக்கு.”

சிங்காரவேலு எழுந்தான். சப்-இன்ஸ்பெக்டர் அவன் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார்.

“யாரக் கேட்டு நிறுத்துனீங்க?”

காசிநாதன் பெண்கள் உட்காரும் பக்கத்து வெறும் மணலைப் பார்த்தார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

“அந்தப் பட்டாளத்துக்காரன உசுரோட வூட்டுக்கு அனுப்பிவுடுங்கண்ணேன்னு கையெடுத்துக் கும்பிட்டது அம்சவள்ளிதாங்க சார்.”