கூட இருந்து சாப்பிட

ஜெபமணி டிபன் பாக்ஸைத் திறந்தார். அவித்த முட்டை ஒன்று, முள் எடுத்த சாளை மீன், இரண்டு ஸ்பூன் குழைந்த சோறு.

பக்கத்தில் ரேஷ்மியும் தன்னுடையதைத் திறந்தாள். பயறும் தயிரும்.

நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. எடை குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் செக்கப்புக்குக் காத்திருக்கும் பெஞ்சு. எதிரே டாக்டரின் அறை. கதவு சாத்தியிருந்தது.

ஒரு வாய் வைத்தால் கூழாகும்வரை மெல்ல வேண்டும். விழுங்கிவிட்டு ஸ்பூனைக் கீழே வைத்துக் காத்திருக்க வேண்டும். வயிறு இனி ஒரு வாழைக்காய் அளவுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வடசேரி சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்கிற ஜெபமணிக்கு அது உடனே புரிந்தது.

ஒருகாலத்தில் கல்யாணப் பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையைப் பிடிக்க ஆட்கள் முந்துவார்கள். அவர் சாப்பிடுவதைப் பார்த்தாலே பசிக்கும் என்பார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு மச்சினன் மகள் கல்யாணத்தில், பேச்சு ருசியில், நாலு வாய் வேகமாகப் போட்டுவிட்டார். பந்தியிலேயே வாந்தி. அதோடு பந்திக்குப் போவதை விட்டார்.

வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை. அப்பாவுக்கு ஆசை வந்துவிடக் கூடாதென்று, அவர் கடையிலிருந்து வருவதற்குள் மகன்களும் மருமகள்களும் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். மனைவி ஜெயபாய் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்திருப்பாள். மீன்குழம்பு வாசம் மட்டும் வீட்டில் நிற்கும். மேஜையில் அவருடைய சின்னக் கிண்ணம் மூடியிருக்கும்.

அவர் மெல்லுகிற சத்தம் அவருக்கே கேட்கும்.

ரேஷ்மிக்குத் தக்கலையில் ஒரு துணிக்கடையில் வேலை. மத்தியானம் கூட வேலை செய்யும் பெண்கள் அவள் டிபனை எட்டிப் பார்த்து, இவ்வளவுதானா என்று கேட்பார்கள். அவள் இரண்டு வாய் மெல்லுவதற்குள் அவர்கள் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். அவள் கடைசிவரை உட்கார்ந்திருப்பாள்.

இருவருக்கும் இந்தப் பெஞ்சில் வைத்துத்தான் பழக்கம்.

"மெதுவா, மாமா. பஸ்ஸு ஒண்ணும் போயிராது."

ஜெபமணி சிரித்துக்கொண்டே ஸ்பூனைக் கீழே வைத்தார்.

நர்ஸ் ரேஷ்மியைக் கூப்பிட்டாள். அவள் பாக்ஸை மூடாமல் அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் வெளியே வந்தாள். செக்கப் முடிந்துவிட்டது. ஆனாலும் பழைய இடத்திலேயே உட்கார்ந்து பயறை எடுத்தாள்.

ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டு வந்தார்கள். வராந்தா காலியானது. நர்ஸ் ஜெபமணியைக் கூப்பிடவில்லை. அவரும் போய்க் கேட்கவில்லை.

அவருடைய போன் அடித்தது.

ஜெபமணி வாயைத் துடைத்து, காலரைச் சரிசெய்து, போனை முகத்துக்கு நேரே பிடித்தார். திரையில் டாக்டர்.

"வணக்கம் ஜெபமணி. சாப்பாடெல்லாம் ஒழுங்கா இறங்குதா?"

குரல் முதலில் கதவுக்குள்ளிருந்து கேட்டது. பிறகு போனிலிருந்து வந்தது.

ரேஷ்மி கதவைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

"இறங்குது டாக்டர்," என்றார் அவர், கதவுக்குக் கேட்காத அளவு மெல்ல.

"ரொம்ப நல்லது. அடுத்ததும் போன்லயே பாத்துக்கலாம். உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?"

"ஆமா டாக்டர். அலைச்சல் எதுக்கு."

போனைச் சட்டைப் பையில் போட்டார். மிச்சமிருந்த மீனை ஸ்பூனால் ஓரமாகத் தள்ளினார். அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"உனக்கு அடுத்தது என்னைக்கு மக்கா?"

ரேஷ்மியின் வாயில் பயறு இருந்தது. மென்று விழுங்காமல் பதில் சொல்ல முடியாது. அவர் காத்திருந்தார்.

"எனக்கும் இனி போன்லதான் மாமா. இப்பதான் சொன்னாவ."

ஜெபமணி தலையாட்டினார். டிபன் பாக்ஸின் மூடியைத் தேடினார்.

மூடி ரேஷ்மியின் மடியில் இருந்தது. அவள் கொடுக்கவில்லை.

"மீன் கிடக்கில்லா, தின்னுங்க," என்றாள். "அடுத்தது என்னைக்குன்னு நீங்களே சொல்லுங்க. நான் வாறேன்."