இரண்டே நொடி

"உப்பு கம்மி," என்று சொல்லிக்கொண்டே பொரித்த மீனில் பாதியைத் தின்ற ஆஸ்பர்ட் கோக்லி, கை கழுவ எழுந்திருக்கவே இல்லை. மனைவி அடாசாவிடம் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான்.

எட்டாம் நாள் மதியம், துக்க முற்றத்து மாமரத்தடியில் டாமினோக் கட்டைகள் பலகையில் அறைபட்டுக்கொண்டிருந்தன. நடுவில் லண்டன் இசை ஆராய்ச்சியாளர் டாக்டர் பெல்லமி.

நாற்பது வருஷத்துக்கு முன் ஆஸ்பர்ட் பாடிய ரெக்கே பாட்டை, ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரமே மறந்திருந்தது. அதன் நடுவில் வரும் ஒரு கூவலை மட்டும் லண்டன்காரர்கள் வெட்டியெடுத்து, தங்கள் பாட்டில் முப்பது இடத்தில் ஒட்டி, உலகத்தை ஆடவைத்தார்கள். இரண்டே நொடி.

'இக்கூவலுக்கு உரியவர் ஆஸ்பர்ட் கோக்லி' என்று பொறித்த பித்தளைத் தகடு சுவரில் சாத்தியிருந்தது. அது சுவரில் ஏறிவிட்டால் அடாசாவுக்குப் போதும். அந்தக் கால இசைத்தட்டில்கூடப் பாடியவர் என்று தயாரிப்பாளரின் மச்சான் பெயர்தான் இருந்தது.

கூவல் ஆப்பிரிக்க மூதாதையரை அழைக்கிறது என்றார் பெல்லமி.

"புண்ணிய பூமி சீயோனைத்தான் கூப்பிட்டான் டாக்டர். நான் பக்கத்துலதான் நின்னேன்," என்றார் ஆர்கன்காரர் டெஸ்ரிக். பாட்டுப் பதிவான அந்த மாதம் முழுக்க அவர் ஜெயிலில் இருந்தார்.

பெல்லமி அடாசாவைக் கேட்டார். ஸ்டுடியோ என்பது அவள் சமையலறையை ஒட்டிய தகரக் கொட்டகை. நடுவில் ஒரு பலகைச் சுவர். தான் உள்ளே போனதில்லை என்றும், பதிவு நடந்த அன்றும் மீன்தான் பொரித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள்.

"மேடையில ஒரு தடவைகூட அதை ஏன் அவர் பாடலை, மிஸ் அடாசா?"

"அவருக்கு வராது டாக்டர்."

ஒரே முறை இறங்கிய அருள் என்று பெல்லமி நெகிழ்ந்து எழுதிக்கொண்டார்.

மணி இரண்டானது. மூதாதையரா சீயோனா என்ற சண்டையில் யாரும் சாப்பிட எழுந்திருக்கவில்லை. அடுப்படியில் நின்ற அடாசா, பழக்கதோஷத்தில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வாயருகே கையைக் குவித்தாள்.

"ஊ... வேய்... யோ."

கட்டைகள் நின்றன. அதே ஏற்றம், அதே இறக்கம், அதே இரண்டு நொடி. பெல்லமியின் பேனா மண்ணில் கிடந்தது.

அடாசா தகட்டைப் பார்த்தாள். பிறகு கரண்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"அவரையும் இப்படிக் கூப்பிட்டாத்தான் வேலையை விட்டுட்டுச் சாப்பிட வருவாரு. வாங்க, மீன் ஆறுது. உப்பு கம்மிதான்."