மூன்றாவது அலைக்கு அப்பால்

சிதம்பரத்துக் கொளஞ்சியப்பன் தூண்டில் வாங்க வந்ததே ஊர் கூடிப் பேசவேண்டிய விஷயம்தான். மீன் வாடை அடித்தாலே மூக்கைப் பொத்திக்கொள்ளும் மனிதர். கடலூர் முதுநகர்த் தூண்டில் கடைக்கு வெளியே ஆட்டோவில் மனைவி இசைவாணி முறைத்துக்கொண்டிருந்தாள். வந்த வேலையை முடிக்காமல் வீட்டுப் படி ஏறக்கூடாது என்பது அவள் உத்தரவு.

"கரையில நின்னு வீசணும் தம்பி. எது ரொம்ப தூரம் போவும்?"

"இந்தப் பதினாலடி ராடு எடுங்க சார். மூணாவது அலையத் தாண்டிப் போவும். என்னா மீனு, கொடுவாவா?"

"அரைக் கிலோ கனம் தாங்குமா?"

"அரைக் கிலோ இரையா! சுறாவா புடிக்கப் போறீங்க? தாங்கும் சார். ரீலச் சுத்துனா அப்படியே திரும்பி வந்துடும்."

கொளஞ்சியப்பனுக்கு வேர்த்துவிட்டது. "ஐயோ, திரும்பி வரவே கூடாது தம்பி!"

கடைக்காரர் விழித்தார். வெளியே ஹாரன் அலறியது. அமுக்கியது ஆட்டோக்காரர் இல்லை.

கொளஞ்சியப்பன் மஞ்சள் பையைத் திறந்து, வாயில் துணி கட்டிய சின்னக் கலயத்தைக் காட்டினார்.

"மாமியாரோட அஸ்தி. காலையிலேருந்து மூணு தடவ கடல்ல போட்டுட்டேன். மூணு தடவையும் மெதந்து வந்து என் காலாண்டயே நிக்கிறாங்க."

கொளஞ்சியப்பன் கலயத்தை மறுபடி பைக்குள் வைத்தார்.

"உயிரோட இருந்தப்பவும் இப்டித்தான் தம்பி. காலையில பஸ் ஏத்தி வுட்டா, சாயங்காலம் வாசல்ல நிப்பாங்க."