எதிர் பெஞ்சிலிருந்து ஆட்சேபணை

நான்காவது முறையும் வினோத்குமார் நிராகரித்துவிட்டான்.

குடும்ப நீதிமன்ற வராந்தாவில் லேப்டாப்பைத் திறந்த கவிநிலாவுக்குச் சுர்ரென்று கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

நிராகரித்தவன் எங்கேயோ இல்லை. எதிர் பெஞ்சில்தான், தன் லேப்டாப்புக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேஸைக் கூப்பிடும் வரைக்கும் அவள் புருஷன்.

ஒன்றரை வருடமாக இரண்டு பேருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. பேச்செல்லாம் மெயிலில். அதுவும் உலகம் முழுக்க கெர்னல் எழுதுகிறவர்கள் படிக்கிற பொது மெயிலில், இங்கிலீஷில், படு மரியாதையாக.

கெர்னல் என்பது போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் அடியில் ஓடுகிற ஆதார நிரல். யார் வேண்டுமானாலும் அதற்குத் திருத்தம் அனுப்பலாம். அந்தப் பகுதி தெரிந்த ஒருவர் சரிபார்த்து ஒப்புதல் தந்தால்தான் சேரும். மெமரியைப் பங்கிடுகிற பகுதிக்கு அந்த ஒருவர், அவளுடைய கெட்ட நேரம், வினோத்குமார்.

அவள் எழுதியது விலை குறைந்த போன்களுக்கான திருத்தம். மெமரி நிரம்பினால் ஓடுகிற ஆப்பைக் கொன்றுவிடாமல், சும்மா கிடக்கிற இடத்தை முதலில் காலி செய்யும். இந்த வாரத்துக்குள் சேர்ந்தால் கம்பெனி அவள் ஒப்பந்தத்தை நீட்டிக்கும். சேராவிட்டால் வேலை போச்சு.

அது அவனுக்கும் தெரியும். தெரிந்தேதான் பழிவாங்குகிறான் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

முதலில் நிரல் வரியில் எங்கோ ஒரு இடைவெளி கூடிவிட்டது என்றான். பிறகு விளக்கம் போதாது என்றான், வேகத்துக்கு ஆதாரம் கேட்டான். இப்போது புதுசாக ஒன்று. இரண்டு ஆப்கள் பகிர்ந்துகொள்கிற இடத்தை, ஒன்று விட்டவுடனே இந்த நிரல் காலி செய்துவிடுகிறதாம். மற்றது இன்னும் அங்கேதான் இருக்கிறதாம்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவனுடைய அம்மா செல்வாம்பாள், யாரையும் பார்க்காமல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ரெண்டும் இந்தப் பொட்டியக் கட்டிக்கிட்டு அழுவுதுங்க. அப்புறம் எதுக்கு ஊரக் கூட்டிக் கல்யாணம் பண்ணிக்கிச்சிங்க?"

வாய் கொடுக்காதே என்று கவிநிலாவின் கையை அழுத்தினாள் வக்கீல் தாமரைச்செல்வி.

வாய் கொடுக்கவில்லை. அவனை உலகத்தின் முன்னால் கிழித்துத் தொங்கவிட மெயில் எழுத ஆரம்பித்தாள். சொந்தப் பகையை இங்கே கொண்டுவராதீர்கள் என்று முதல் வரி. அனுப்புவதற்கு முன், அவன் சொன்னது பொய் என்று காட்ட ஒரு சோதனை ஓட்டினாள்.

நிரல் நடுவழியில் செத்தது.

மறுபடி ஓட்டினாள். மறுபடியும் செத்தது.

அவன் சொன்னது சரி. அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கூட வாழ்ந்தபோதும் இதே வியாதிதான். குறை கண்டுபிடிப்பான், அது குறையாகவே இருந்து தொலைக்கும்.

மெயிலை அழித்தாள். பகிர்ந்த இடமா என்று பார்த்துவிட்டுக் காலி செய்யும்படி மாற்றினாள். ஐந்தாவது முறையாக அனுப்பவும், டவாலி அவர்கள் இருவர் பெயரையும் கூப்பிடவும் சரியாக இருந்தது.

உள்ளே விவாகரத்து சீக்கிரம் முடிந்தது. சேர்ந்து வாழ வாய்ப்பிருக்கிறதா என்று நீதிபதி கேட்டார். இல்லை என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

வெளியே வந்ததும் செல்வாம்பாள் கனகசெட்டிக்குளம் போக ஆட்டோ பிடிக்கப் போனாள். வக்கீல்கள் காகிதங்களோடு உள்ளேயே நின்றார்கள். இவர்கள் இருவரும் பழையபடி எதிரெதிர் பெஞ்சில்.

வீட்டில் அவன் செருப்பிலிருந்து கேஸ் கனெக்‌ஷன் வரை எல்லாவற்றையும் ஒழித்தாயிற்று. இந்த ஒப்புதல் ஒன்றுதான் பாக்கி.

எதிரே அவன் விரல்கள் ஓடுவது தெரிந்தது. மெயில் வந்து விழுந்தது.

நிரலில் குறையில்லை. கையொப்ப வரியில் எழுதியவரின் பெயர் தவறு. திருத்திய பின் என் ஒப்புதலைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கவிநிலா கடைசி வரிக்குப் போனாள்.

கவிநிலா வினோத்குமார்.

கல்யாணமான புதிதில் ஆசையாக அவளே பதிந்து வைத்தது. அன்றிலிருந்து அவள் எதை அனுப்பினாலும் லேப்டாப் தானாகவே அடியில் அதைப் போட்டுக்கொண்டிருந்தது. அவள் கவனித்ததே இல்லை.

தீர்ப்பின் ஈரம் காயவில்லை, என் பெயரைக் கழற்று என்கிறான், அதுவும் உலகமே பார்க்கிற இடத்தில்.

சாவிகள் உடைகிற மாதிரி தட்டி அவன் பெயரை அழித்தாள். அப்பா பெயரைப் போட்டாள். கவிநிலா சக்கரபாணி. விதிப்படி அதன் கீழே, தன் கையாலேயே, சரிபார்த்தவர் வினோத்குமார் என்றும் எழுத வேண்டியிருந்தது. கெர்னலில் ஒருமுறை ஏறிவிட்டால் அந்த வரியை எந்தக் கோர்ட்டாலும் எடுக்க முடியாது.

அனுப்பினாள். எதிர் பெஞ்சு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனான்.

அவன் படியிறங்கிய பிறகு, ஒரு சந்தேகத்தில், முன்பு அனுப்பிய நான்கையும் திறந்தாள்.

நான்கிலும் அதே பெயர். ஒரு இடைவெளியைக்கூட விடாமல் குறை சொன்னவன், அந்த வரியை மட்டும் நான்கு முறையும் தொடாமல் விட்டிருந்தான்.