ஸ்டார்ட் ஆகாத கான்டெஸா

"அண்ணி, பதினாலு ஸ்பானர் கேட்டேன்னு சொல்லுங்க."

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த பூவரசன் குரல் கொடுத்தான். ஸ்பானர் இருந்தது அவன் அண்ணன் கிருஷ்ணசாமியின் கையில். இருவருக்கும் நடுவில் இரண்டடி தூரம்கூட இல்லை.

"என்னங்க, பதினாலு ஸ்பானர் வேணுமாம்" என்றாள் சித்ரா.

"பன்னெண்டுதான் சேரும்னு சொல்லு."

"பன்னெண்டுதான் சேருமாம் தம்பி."

"அது பழைய போல்ட்டுக்கு. இப்ப மாத்தியாச்சின்னு சொல்லுங்க அண்ணி."

"எனக்கு அடுப்புல குழம்பு கொதிக்குது. ரெண்டு பேரும் காரை ரிப்பேர் பண்றீங்களா, இல்ல என்னை ரிப்பேர் பண்றீங்களா?"

இருவருக்குமே சிரிப்பு வந்தது. சிரித்தால் மற்றவருக்குக் கேட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டார்கள்.

கிருஷ்ணசாமியின் மகள் சங்கவியின் கல்யாணத்திலிருந்து இப்படித்தான். பத்திரிகையில் சித்தப்பன் பூவரசன் பெயர் இல்லை. அச்சகத்தில் விட்டுப்போச்சா, ஆளையே விட்டுட்டீங்களா என்று கேட்கப் போய் வார்த்தை தடித்தது. அன்றோடு பேச்சு நின்றது. அப்பா இறந்தபோதுகூட ஆளுக்கொரு மூலையில்தான் நின்றார்கள்.

மிச்சம் இருந்தது அப்பாவின் கான்டெஸா. ஆயிரத்து எண்ணூறு சிசி பெட்ரோல் வண்டி. ஒரு காலத்தில் திண்டிவனத்தில் கிளம்பினால் விழுப்புரம் போகும்வரை அதை முந்த ஆள் கிடையாது. ஓட்டுவது அண்ணன். ரோட்டிலிருந்து அவர் கண்ணை எடுக்க முடியாது என்பதால், பக்கத்து சீட்டிலிருந்து எட்டி ஸ்பீடாமீட்டர் முள்ளைப் பார்த்துக் கத்துவது தம்பி.

"நூறு... நூத்திப் பத்து... அண்ணே, நூத்தி முப்பது!"

"ரெண்டு பேருமா சேர்ந்து அதை ஓட வைங்க. ஓடுனதும் வித்துட்டு அவனவன் வழியைப் பாருங்க. அதுக்கப்புறம் ஒருத்தன் மூஞ்சில ஒருத்தன் முழிக்க வேணாம்" என்று கருமாதி அன்றைக்குத் தாய்மாமன் பச்சைமுத்து முடித்துவிட்டார்.

மெக்கானிக்கிடம் விட இருவருக்கும் மனசில்லை. மீசை முளைக்காத வயசிலிருந்து அதைப் பிரித்து மாட்டியவர்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமையானால் பூவரசன் விழுப்புரத்தில் பஸ் ஏறி, திண்டிவனத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிடுவான். கிளட்ச் பிளேட் மாற்றினார்கள். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். பிரேக் சாமான் தேடிப் புதுச்சேரிக்குப் போனார்கள், முன்னும் பின்னுமாக வேறு வேறு பஸ்ஸில்.

எல்லாம் செய்தும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. இன்றைக்கு ஆகியே தீரவேண்டும். நாளைக்குச் செஞ்சியிலிருந்து ஒருவர் பார்க்க வருகிறார். ஓடினால் கையோடு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

வழக்கம்போல் வறுத்த மல்லாட்டைக் கடலையும் டீயும் கொண்டுவந்து வைத்துவிட்டு சித்ரா உள்ளே போனாள். கிருஷ்ணசாமி கை கழுவப் பின்பக்கம் போனார்.

குழம்பை இறக்கும்போது ஜன்னல் வழியாகத் தற்செயலாகப் பார்த்தாள். பூவரசன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். இன்ஜினுக்குள் கையை விட்டான். தடிமனான ஒரு ஒயரைப் பிடுங்கி, மாட்டியிருப்பதுபோல் லேசாக மேலே வைத்தான். பிறகு கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஓடாத வண்டியின் ஸ்பீடாமீட்டரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சித்ரா பின்பக்கம் ஓடினாள்.

"என்னங்க, உங்க தம்பிதான் வண்டியைக் கெடுத்துக்கினு இருக்காரு! ஒரு ஒயரைப் புடுங்கிவுட்டதை என் கண்ணால பார்த்தேன்."

"எந்த ஒயரு?"

"கறுப்பா, குண்டா, நடுவுல இருக்குமே."

"காயில் ஒயரா?"

"என்னமோ ஒண்ணு. ஓடாத வண்டின்னு பேர் கட்டி அவரே அமுக்கப் பார்க்குறாரு. இத்தினி நாளா நான் வேற இது தெரியாம வாராவாரம் கறிக்குழம்பு வெச்சிப் போட்டுக்கினு இருக்கேன். போய்க் கேளுங்க!"

கிருஷ்ணசாமி ஈரக் கையை லுங்கியில் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். அப்புறம் விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார்.

கைகலப்பு ஆகிவிடுமோ என்று பயந்து சித்ரா பின்னாலேயே ஓடினாள். நல்ல வேளை, பூவரசன் அங்கே இல்லை. தெருமுனைக்குப் போயிருந்தான். பேசாவிட்டாலும் அண்ணன் எதிரில் சிகரெட் பிடிக்க மாட்டான்.

கிருஷ்ணசாமி குனிந்து அந்த ஒயரைத் தொட்டுப் பார்த்தார். ஆடியது. அழுத்தி மாட்டுவார் என்று சித்ரா நினைத்தாள். மாட்டவில்லை. தம்பி வைத்திருந்த மாதிரியே பதமாக வைத்தார்.

பிறகு, கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் டியூபைக் கழற்றினார். ஒரு கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தார். பெட்ரோலில் ஊறிய ஒரு மல்லாட்டைப் பருப்பு வெளியே வந்து விழுந்தது.

சித்ரா குனிந்து பருப்பைப் பார்த்தாள்.

"அப்ப... நீங்களுமா?"

தெருமுனையில் பூவரசன் திரும்பி வருவது தெரிந்தது. கிருஷ்ணசாமி பருப்பைக் காலால் தள்ளிவிட்டு, டியூபை அவசரமாக மாட்டினார்.

"சத்தம் போடாத. ரெண்டு பேருமே எதுக்குக் கெடுக்கணும்? அவன் கெடுத்ததே போதும்."