பஷீர் பாய் இழுத்த பலகை

பஷீர் அகமது அழுகுணி ஆட்டம் ஆடுகிறார் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பிலோமின்ராஜுக்குத் தெரிந்தது. தெரிந்ததிலிருந்து அவருக்கு இட்லி இறங்கவில்லை.

"பாயா? அவர் அப்படிச் செய்யற ஆளில்லீங்க," என்றாள் அவர் மனைவி ரோசம்மாள்.

"கண்ணால பார்த்தேன்னு சொல்றேன்."

துரைமார்கள் கப்பலேறிய பிறகு, பொன்மலை ரயில்வே கோல்ஃப் மைதானத்தில் ஆபீஸ் ஆட்களும் ஆடலாம் என்று ஆகியிருந்தது. ஐம்பது வயதில் பிலோமின்ராஜுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. கணக்குப் பிரிவில் அவர் தலைமைக் குமாஸ்தா. பஷீர் அகமது ஸ்டோர்ஸ் ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் இரண்டு பேரும் மட்டையோடு கிளம்பிவிடுவார்கள்.

ஆரம்பத்தில் பிலோமின்ராஜ் அடித்தால் மண் பறக்கும், பந்து இருந்த இடத்திலேயே இருக்கும். அப்புறம் பந்தும் பறந்தது, கருவேலங்காட்டுக்குள். இப்போதோ, குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அவர் பந்து குழிக்குள்தான். அந்தக் கடைசித் தட்டலில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

வீட்டில் டம்ளரைப் படுக்கப் போட்டுப் பழகும்போது மட்டும் பந்து உள்ளே போகாது.

"மைதானத்துல மட்டும் எப்படிங்க போகுது?" என்று கேட்பாள் ரோசம்மாள்.

"அது மைதானம். இது சிமெண்டுத் தரை. உனக்குப் புரியாது."

புல் வளர்க்கத் தண்ணீர் இல்லாததால், குழியைச் சுற்றி எண்ணெய் கலந்த மணலைப் பரப்பி வைத்திருந்தார்கள். பந்தைத் தட்டுவதற்கு முன், பந்திலிருந்து குழி வரைக்கும் பலகையை இழுத்து மணலை நிரவ வேண்டும். பிலோமின்ராஜுக்கு இடுப்புப் பிடிப்பு. அதனால் இரண்டு பேருக்கும் பாயே இழுத்துவிடுவார். அந்த நேரத்தில் பிலோமின்ராஜ் கண்ணை மூடி மாதாவை வேண்டிக்கொள்வார். கண்ணைத் திறந்தால் பந்தைத் தவிர வேறெதையும் பார்க்க மாட்டார். ஆட்டம் கற்றுக்கொடுத்தவர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

அன்றைக்கு ஆட்டம் முடிந்து, குழிப் பக்கம் மறந்துவிட்ட தொப்பியை எடுக்கத் திரும்பிப் போனவர் மணலைப் பார்த்தார். வெயில் சாய்வாக விழுந்து கொண்டிருந்தது. பலகை இழுத்த தடம் இரண்டு. ஒன்று தட்டையாக இருந்தது. மற்றது நடுவில் லேசாகக் குழிந்து, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற வாய்க்கால் மாதிரி நேரே குழியில் போய் முடிந்தது. அதில் உருட்டினால் பச்சைப் பிள்ளைகூடப் பந்தைப் போட்டுவிடும்.

வாய்க்கால் யாருடையது என்று பிலோமின்ராஜ் யோசிக்கவே இல்லை. தான் யோக்கியன் என்பதில் அவருக்கு என்றைக்குமே சந்தேகம் வந்ததில்லை.

அடுத்த ஞாயிறு கிளப் கப் ஆட்டம். சீட்டுக் குலுக்கியதில் முதல் சுற்றிலேயே அவருக்கும் பாய்க்கும் விழுந்திருந்தது. மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் கப் வைக்க இடம்கூட ஒதுக்கியாகிவிட்டது. பிலோமின்ராஜ் நேரே கிளப் செக்ரட்டரி ரத்தினவேலுவிடம் போனார்.

"ஞாயித்துக்கிழமை நீங்க கூடவே வரணும் சார். ஒரு கள்ளத்தனம் வெளியே வரும்."

"யாரோடது?"

"வந்து பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை, முதல் குழி. பாய் வழக்கம்போலப் பலகையை எடுத்தார்.

"குடுங்க பாய். இன்னிக்கு ரெண்டு பேருக்கும் நான் இழுக்கறேன்."

பாயின் முகம் சுண்டிப்போயிற்று. "வேணாம் சார். உங்க இடுப்புக்கு ஆகாது. நான் இழுத்துடறேனே."

"என் இடுப்பை நான் பார்த்துக்கறேன்."

பாயின் பதற்றத்தைக் கண்டு பிலோமின்ராஜ் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். பாயின் பந்துக்குத் தரை மாதிரி தட்டையாக இழுத்தார். தன் பந்துக்கும் அதே மாதிரி இழுத்தார். யோக்கியன் அல்லவா.

பாய் தட்டினார். பந்து சமர்த்தாக உருண்டு குழிக்குள் விழுந்தது.

பிலோமின்ராஜ் மாதாவை வேண்டிக்கொண்டு தட்டினார். பந்து குழியை எட்டிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போயிற்று.

காற்று என்றார். இரண்டாவது குழியில் மணல் ஈரம் என்றார். மூன்றாவது குழியிலும் பந்து விழவில்லை. தன் பந்துக்கு இழுத்த தட்டையான தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். போன வாரம் பார்த்த தட்டையான தடம்தான் பாயுடையது, அந்த வாய்க்கால் தனக்காக இழுத்தது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பிறகு ஆட்டம் முடிகிறவரை தலை நிமிரவில்லை. பாயும் ஜெயித்தவர் மாதிரியே இல்லை.

ரத்தினவேலு சற்றுத் தள்ளிப் போனதும் பிலோமின்ராஜ் மெதுவாகக் கேட்டார்.

"எத்தனை நாளா பாய்?"

பாய் கீழே பார்த்தார். "முதல் மாசம் மட்டையை வீசிட்டு, 'எனக்கு வராது பாய், நாளையிலேருந்து வரமாட்டேன்'னீங்களே. அதுலேருந்து சார்."

"ஏன்?"

"நீங்க வரலைன்னா நான் யாரோட பேசிக்கிட்டு நடக்கறது?"

பிலோமின்ராஜ் பாயின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ரத்தினவேலு திரும்பி வந்தார். "என்ன சார், ஏதோ கள்ளத்தனம்னீங்க. நானும் வெயில்ல கூடவே வந்தேன். கண்டுபிடிச்சீங்களா இல்லையா?"

"கண்டுபிடிச்சேன் சார்," என்றார் பிலோமின்ராஜ், பிடித்த கையை விடாமல். "இத்தனை நாளா அழுகுணி ஆட்டம் ஆடி ஜெயிச்சது நான்தான்."