ரூத் ஃபிலிம் மாட்டுகிறாள்

ஒத்தக்கடைக் கண்மாய்க் கரையில், கார் நிழலில், பழைய பெட்டிக் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் ரூத். பக்கவாதம் வந்த எட்டு மாதத்தில் இன்றுதான் அதைத் திறக்கிறாள். வலது கை இன்னும் நடுங்குகிறது. ஃபிலிம் சுருளின் தாள் நுனியை எதிர் உருளையின் மெல்லிய பிளவுக்குள் நுழைக்க வேண்டும். மூன்று முறை நழுவிவிட்டது. யானைமலையின் முதுகில் காலை வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருக்கிறது. “குடு ரூத், நான் மாட்டித் தாரேன். வெயில் ஏறிருச்சுன்னா படம் வெளுத்துரும்னு நீதான சொல்லுவ,” என்கிறார் கணவர் ஜெர்சன். “வேணாங்க. நானே மாட்டுறேன்.” இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கிறாள். உதட்டைக் கடிக்கிறாள். தாள் உள்ளே போகிறது. பின்மூடியைச் சாத்தி, முதல் படத்துக்குச் சுற்றி, எழுந்து, கேமராவை டிரைபாடில் பொருத்துகிறாள். குனிந்து பார்க்கிறாள். மேல்கண்ணாடிக்குள் மலை இடம் வலம் மாறி, கொஞ்சமும் ஆடாமல் படுத்திருக்கிறது. பொத்தானை அழுத்துகிறாள். கொக்குகள்கூடத் திரும்பிப் பார்க்காத அளவுக்குச் சின்னதாய் ஒரு சத்தம். ஜெர்சன் காரின் கதவைத் திறக்கிறார். “எடுத்தாச்சுல்ல, வீட்டுக்குப் போவமா?” “சுருள்ல பன்னெண்டு படம், ஒண்ணுதான் ஆயிருக்கு. நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க,” என்றபடி அடுத்த படத்துக்குச் சுற்றுகிறாள்.